நம்பர் உங்களைப் பார்த்து இருக்கட்டும்

எனக்குச் சும்மா உட்கார வராது. பஸ் ஸ்டாப்பில்கூட முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பேன். கரமனையில் எங்கள் தெருக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. "பஸ் வரலைன்னா மாமி அதுக்குப் பதிலா தானே ஓடிப் பாக்கறா" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை சொன்னது என் காதிலும் விழுந்தது. விழட்டுமே. இந்தச் சுபாவத்துக்குத் தோதாகத்தான் எனக்கு வேலையும் அமைந்தது. தரக்கட்டுப்பாடு. எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் வேறு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

நான் வேலை செய்வது நகரத்தின் ஓரத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில். பம்புகளுக்கு ஹவுசிங் செய்து தருகிறோம். ஹவுசிங் என்றால் பம்பின் உடம்பு. அதன் நடுவில் ஒரு துளை இருக்கும். அதற்குள் பேரிங் போய் உட்கார வேண்டும். துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் பேரிங் ஆடும். கொஞ்சம் சின்னதாகிவிட்டால் உள்ளேயே போகாது. நான் சொல்கிற கொஞ்சம் தலைமுடியைவிட மெல்லிசான கொஞ்சம். என் ஆயுசில் பாதிச் சண்டை இந்தக் கொஞ்சத்துக்காகத்தான் நடந்திருக்கிறது.

நான் சேர்ந்தபோது அங்கே முறை என்று ஒன்று கிடையாது. முதலாளி மலையாளி. நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பேர். நான் எதைச் சொன்னாலும், "இது வரைக்கும் ஷெரியாத்தானே போச்சு, மேடம்?" என்பார். போச்சுதான். பிறகு ஒரு பெரிய கம்பெனி ஆர்டர் தர வந்து, தரத்துக்கு முறையும் ஆளும் இல்லாவிட்டால் ஆர்டரும் இல்லை என்றது. அதற்காகத்தான் என்னைக் கூட்டி வந்தார்.

வந்த கையோடு ஷாப்பைத் தலைகீழாக்கினேன். செய்கிறவரே அளக்க வேண்டும். செய்தவரின் அடையாளத்தை ஒவ்வொரு உருப்படியிலும் குத்த வேண்டும். அளக்கிற கேஜை எப்படிப் பிடிப்பது, எதைக் கொண்டு துடைப்பது என்று எல்லாவற்றையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, லேமினேட் செய்து, மெஷின் பக்கத்தில் மாட்டினேன். படிக்கத்தான் ஆளில்லை. இரண்டாம் ஷிப்டில் மெஷின் ஓட்டுகிறவன் கெட்டிக்காரன். வாய் அதைவிடக் கெட்டி. என் அட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தான். "கரன்ட் போனப்போ வலிய உபகாரம், மேடம்" என்று என்னிடமே சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அந்த அட்டையாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

படித்தவர் ஒரே ஒருவர். முதல் ஷிப்ட்காரர். குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். ஷாப்பில் மலையாளிகள்கூட அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் பெரிய சூரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியிருந்ததை எழுதியபடி செய்வார். சந்தேகம் வந்தால் நேரே என்னிடம் வந்து நிற்பார். "மேடம், மெதுவாத் துடைக்கணும்னு போட்டிருக்கு. எம்புட்டு மெதுவா?" என்பார். சாப்பிடும்போது வருவார், போன் பேசும்போது வருவார். ஐயோ, இந்த மனிதர் வேறு என்று பல்லைக் கடிப்பேன். ஆனாலும் கேட்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று மனசு குளிர்ந்தும் போகும்.

அந்த அட்டையில் இருந்த ஒரு வரியைத்தான் இங்கே சொல்ல வேண்டும். துளையை அளக்கிற கேஜுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் அதை மாஸ்டர் ரிங் என்கிற எஃகு வளையத்துக்குள் விட்டு, இதுதான் சரியான அளவு, இதுதான் உனக்குப் பூஜ்யம் என்று காட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அது எதை அளந்தாலும் அந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் சொல்லும். ஷாப்புக்கே ஒரு மாஸ்டர் ரிங்தான். அதன் முகத்தில் உள்வட்டத்தை ஒட்டி ஒரு நம்பர் பொறித்திருக்கும். ஆளுக்கு ஒரு மாதிரி வைக்கக்கூடாது, எல்லோரும் ஒரே மாதிரி வைக்கட்டும் என்று நான் எழுதினேன்: நம்பர் உங்களைப் பார்த்து இருக்கட்டும். அண்ணாச்சி அன்றிலிருந்து நம்பரைத் தன் பக்கம் திருப்பி வைத்துத்தான் பூஜ்யம் பிடித்தார். இரண்டாம் ஷிப்ட்காரன் கைக்கு வந்தபடி வைத்தான்.

நவராத்திரி வந்தது. இந்த ஊரில் அஷ்டமி அன்று சாயங்காலம் கருவிகளைப் பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. ஷாப்பை அடைத்துவிடுவார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஜயதசமி அன்று மெஷின்களுக்கு மாலை, கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம், எல்லோருக்கும் அவலும் மலர்ப்பொரியும். மறுநாளிலிருந்து வேலை மும்முரமானது. அண்ணாச்சியின் துளைகள் எல்லாம் கச்சிதம் என்று கேஜ் சொன்னது. நானும் ஒன்றிரண்டை எடுத்து, அட்டையில் நான் எழுதியபடியே ரிங்கை வைத்து, அளந்து பார்த்தேன். கச்சிதம்தான். இரண்டாம் ஷிப்ட்காரன் செய்தவை ஒரு மயிரிழை பெரிதாக, எல்லையை ஒட்டி நின்றன. "அட்டையை விசிறாமல் படிச்சிருந்தா இப்படி வருமா?" என்று அவனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன்.

லாரி போனது. சில வாரங்களில் அதே லாரி திரும்பி வந்தது. பேரிங் உள்ளே போகவில்லையாம். பிரித்துப் பார்த்தால், போகாதவை அத்தனையிலும் அண்ணாச்சியின் அடையாளம். இரண்டாம் ஷிப்ட்காரன் செய்ததில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பெட்டிகள் வந்தது சாயங்காலம். அவன்தான் ஷிப்டில் இருந்தான். முதலாளி அவனை விட்டே அளக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாத் துளையும் சின்னது. மறுநாள் நான் போவதற்குள் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

"அந்த ஆள் அளக்கவே இல்ல, மேடம். சும்மா அளந்தேன்னு சொல்லியிருக்கான்" என்றார் முதலாளி. "வேலையில தப்பு வரட்டும், பொறுக்கலாம். இது கள்ளம்."

அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "நான் அளந்தேன், மேடம். அளக்காம அளந்தேன்னு சொல்லுத பழக்கம் நமக்கு இல்ல, பாத்துக்கிடுங்க."

"மேடம் கொண்டு வந்த சிஸ்டம்தானே?" என்றார் முதலாளி. "அந்த சிஸ்டம்தானே ஆளைக் காட்டிக் கொடுத்தது? திங்கக்கிழமை கம்பெனிக்கு பதில் போகணும். ஆளை மாத்தியாச்சுன்னு எழுதினா மதி, போதும்."

அடையாளம் குத்தச் சொன்னது நான். அந்த அடையாளம் அவர் பெயரைத்தான் சொல்கிறது. ஆனால் எம்புட்டு மெதுவா என்று கேட்ட மனிதர் அளக்காமல் விடுவாரா? எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்று மட்டும் கேட்டேன். அதுவரை அண்ணாச்சியை மெஷினில் ஏற்றக் கூடாது, பிசிறு அராவுகிற பெஞ்சில் இருக்கட்டும் என்றார். வேலை தெரிந்த ஒருவரை எல்லோர் கண் முன்னாலும் அங்கே உட்கார வைப்பது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று அந்த ஷாப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அண்ணாச்சி போய் அரத்தை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை நானே கேஜை எடுத்தேன். பூஜ்யம் பிடித்து, திரும்பி வந்த ஹவுசிங் ஒன்றை அளந்தேன். சரியாக இருந்தது! இன்னொன்று, அதுவும் சரி. "சார், வாங்க, வந்து பாருங்க" என்று கத்திக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். முதலாளியைக் கையோடு கூட்டி வருவதற்குள், ஷிப்டுக்கு வந்த இரண்டாமவன் தன் வேலைக்காகக் கேஜை மறுபடியும் ரிங்கில் வைத்துப் பூஜ்யம் பிடித்துவிட்டான். அதே ஹவுசிங்கை முதலாளி முன்னால் அளந்தேன். சின்னது.

"மேடம், நீங்க ரெண்டு தடவை அளந்தா ரெண்டு பதிலா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவனை ரட்சிக்கணும்னு நினைக்கிறீங்க. மனசிலாகுது."

கேஜ் கெட்டுப்போயிருக்குமோ? பூஜைக்கு முன்னால்தான் பரிசோதனைக்கு அனுப்பி, சரி என்று முத்திரை வாங்கி வந்தது. முள்ளைத் தட்டிப் பார்த்தேன். முனையைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அராவுகிற பெஞ்சிலிருந்து அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு அந்த மனிதர் கள்ளன் என்ற பேரோடு ரயில் ஏறப் போகிறார் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. மனசு சரியில்லாவிட்டால் எனக்குத் துடைக்க வேண்டும். அலமாரியைத் துடைத்தேன், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன், கடைசியில் மிக்ஸியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, அதைப் போட்டு இப்படித் தேய்க்கறே? அது என்ன பாவம் பண்ணித்து?" என்றார் என் கணவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். "கரமனை ஆத்துல விழுந்தாக்கூட ஆழத்தை அளந்துண்டுதான் விழுவே நீ."

"சும்மா இருங்கோ" என்று எரிந்து விழுந்தேன்.

சரஸ்வதி பூஜைக்கு வீட்டில் இருக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம், மிக்ஸிக்கும் உண்டு. அந்தச் சந்தனப் பொட்டு இன்னும் அப்படியே இருந்தது. குங்குமம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. சந்தனம் மட்டும், எண்ணெய்க் கையோடு ஒட்டிக் காய்ந்து, மிக்ஸி நிறத்துக்கே வந்து, இருக்கிறதே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. சுரண்டிய நகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஐயோ" என்றேன்.

"என்ன, நகம் பேந்துடுத்தா?"

கட்டியிருந்த புடவையோடு கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் எந்தக் காலத்தில் வந்தது? ஆட்டோ பிடித்தேன். வாட்ச்மேன் சாவியோடு எழுந்து வருவதற்குள் கேட்டைப் பிடித்து நாலு தடவை ஆட்டிவிட்டேன்.

மாஸ்டர் ரிங்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நம்பரின் எழுத்துப் பள்ளங்களில் மஞ்சளாக ஏதோ கொஞ்சம். அதற்கு நேர் கீழே, உள்வட்டத்தில், எண்ணெய்க் கறை மாதிரி ஒரு மங்கல். முகத்தில் வைத்த சந்தனம் வழிந்து உள்ளே இறங்கி, எண்ணெயோடு சேர்ந்து காய்ந்திருக்கிறது. நம்பரை என் பக்கம் வைத்துக் கேஜை விட்டேன். முனை நேராக அந்தச் சந்தனத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பூஜ்யம் பிடித்தேன். ரிங்கைக் கொஞ்சம் திருப்பினேன். முள் நகர்ந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. சாலைக் கடைத்தெருவில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படியோ அப்படித்தான். நம்பரைத் தன்னைப் பார்த்து வைத்தவருக்கு, சந்தனத்தின் கனத்துக்கு வளையம் சின்னதாகத் தெரிந்து, ஒவ்வொரு நாளும் கேஜ் பொய்யான பூஜ்யத்தைக் கொடுத்திருக்கிறது. சரியான துளையைப் பெரிது என்று சொல்லியிருக்கிறது. அவரும் அதை நம்பித் துளையைச் சின்னதாக்கியிருக்கிறார். கைக்கு வந்தபடி வைத்தவனுக்கு முனை வேறு இடத்தில் பட்டது, அவன் தப்பித்தான். அவனைத்தான் நான் திட்டினேன். அந்த ஷாப்பிலேயே என் பேச்சைக் கேட்டு நடந்தவர் ஒருவர்தான், அவரைத்தான் வெளியே அனுப்பப் போகிறார்கள்.

ரிங்கைத் துடைக்கக் கை பரபரத்தது. துடைக்கவில்லை. என் ஆயுசில் நான் துடைக்காமல் விட்ட அழுக்கு அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் இரண்டாம் ஷிப்ட்காரனையும் போன் பண்ணி வரவழைத்தேன். அண்ணாச்சி ஷாப் உடுப்பு போடாமல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கணக்கு முடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. முதலாளி வந்து நின்றார்.

"பூஜ்யம் பிடியுங்க, அண்ணாச்சி. தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே."

அவர் துணியால் ரிங்கைத் துடைத்தார். நம்பரைத் தன் பக்கம் திருப்பினார். கேஜை விட்டுப் பூஜ்யம் வைத்தார். திரும்பி வந்த ஹவுசிங்கை அளக்கச் சொன்னேன். சரி என்றது முள். அதே ஹவுசிங்கில் பேரிங்கை வைத்து அமுக்கினேன், போகவில்லை. முதலாளியின் புருவம் ஏறியது. பிறகு மற்றவனைப் பூஜ்யம் பிடிக்கச் சொன்னேன். அவன் எப்போதும்போல எடுத்து எப்படியோ வைத்தான். இப்போது அதே துளை சின்னது. நான் ரிங்கை எடுத்து, உள்வட்டத்தில் அந்த மங்கலை முதலாளிக்குக் காட்டினேன்.

அவர் அதை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். "சந்தனம்" என்றார். பிறகு சட்டென்று மற்றவனைப் பார்த்துத் திரும்பினார். "அப்போ நீ முறைப்படி செய்யல, அல்லே?"

அவன் கண் மெஷின் பக்கத்து அட்டைக்குப் போனது. எனக்கோ தலைக்கு ஏறிவிட்டது.

"சார், முறைப்படி செஞ்சவரை வெளியே அனுப்பப் பாத்தீங்க. இப்போ செய்யாதவனையா? யாரையாவது ஒருத்தரை அனுப்பியே ஆகணுமா?"

"பின்னே இது ஆரு செஞ்சது?" என்று அவரும் கத்தினார்.

ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் விஜயதசமி அன்று சந்தனக் கிண்ணத்தை முதலாளி வேறு யார் கையிலும் தர மாட்டார். ஷாப்புக்குக் கண் இதுதான் என்று சொல்லி, முதல் பொட்டை மாஸ்டர் ரிங்கின் நம்பர் மேல் வைத்துவிட்டுத்தான் மெஷின்களுக்குப் போவார். நான் சொல்லியே தீர வேண்டியிருந்தது.

"ரிங்குக்குச் சந்தனம் வச்சது யாரு, சார்?"

அவர் தன் மோதிர விரலைப் பார்த்தார். பிறகு ரிங்கை மேஜையில் மெல்ல வைத்தார்.

கம்பெனிக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது முதலாளியும் நானும் திணறினோம். காரணம் என்ற இடத்தில் அழுக்கு என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் வரவில்லை. சந்தனத்தைப் போய் எப்படி அழுக்கு என்பது? கடைசியில் ரிங்கில் வெளிப்பொருள் ஒட்டியிருந்தது என்று எழுதினோம். ஆளை மாற்றினோம் என்று எழுதவில்லை. அதுவரைக்கும் நிம்மதி.

அண்ணாச்சியிடம் முதலாளி, "மெஷினுக்குப் போய்க்கோ, அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். கள்ளம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணாச்சி போய் உடுப்பு மாற்றி வந்தார். ரிங்கை ஸ்பிரிட் விட்டுக் கழுவினார், வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடியும் கழுவினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், நம்பர் எம்பக்கந்தானே வைக்கணும்?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"உங்க பக்கந்தான், அண்ணாச்சி" என்றேன்.

நம்பரைத் தன் பக்கம் வைத்துப் பூஜ்யம் பிடித்தார். பிறகு, நான் எங்கேயும் எழுதாத ஒன்றைச் செய்தார். ரிங்கைக் கால் வட்டம் திருப்பிப் பார்த்தார். இன்னொரு கால் வட்டம் திருப்பிப் பார்த்தார். துளை போட்டு முடித்ததும் ஒரு பேரிங்கைக் கையில் எடுத்து உள்ளே அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தன் அடையாளத்தைக் குத்தினார்.

இப்போதும் அப்படித்தான் செய்கிறார். அதை நான் அட்டையில் சேர்த்துவிட்டேன். இரண்டாம் ஷிப்ட்காரன்கூட அட்டையை விசிறாமல் அதன்படி செய்கிறான். கம்பெனியிலிருந்து பார்வையிட வந்தவர்கள், நல்ல முறை, யாருடைய யோசனை என்று கேட்டார்கள். முதலாளி பெருமையாக என்னைக் காட்டினார். பூஜைக்கு இப்போது ரிங்கின் பெட்டி மூடிக்குத்தான் சந்தனம். உருப்படி ஒன்றும் திரும்பி வருவதில்லை.

காலையில் அவர் ரிங்கைத் திருப்புகிற நேரத்தில் நான் அந்தப் பக்கம் நிற்பதில்லை. ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விடுவேன். சாப்பிடும்போது இன்னும் கதவைப் பார்த்துத்தான் உட்காருகிறேன். வந்து நிற்க மாட்டாரா, எம்புட்டு மெதுவா என்று எதையாவது கேட்டுத் தொலைக்க மாட்டாரா என்று இருக்கும். நம்பர் எம்பக்கந்தானே என்று கேட்டதற்குப் பிறகு அண்ணாச்சி என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.